27-ஆம் கட்டம்

ஜனவரி 8, 2024

அமெரிக்க ராணுவம் என்னை வெளியே அனுப்பியபோது கொடுத்த சான்று, டிடி-214-இன் மெம்பர் 4 காப்பி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில்தான் இருந்தது. ஐந்து வருடமாக எடுக்கவில்லை. வேலைக்கு மனுப் போட்டபோதெல்லாம் டிடி-214-இன் மெம்பர் 1 காப்பியைத்தான் கொடுத்தேன், அதில் வெளியே அனுப்பிய காரணம் இருக்காது. திரும்பச் சேர வேண்டும் என்றால் ராணுவ ரெக்ரூட்டர் கேட்பது மெம்பர் 4. அதில் எல்லாம் இருக்கிறது. 24-ஆம் கட்டத்தில் ஹானரபிள். 26-இல் ஜேசிஆர், வெளியேற்றக் குறியீடு. 27-இல் 3, திரும்பச் சேர முடியுமா என்பதற்கான குறியீடு. 28-இல் காரணம்: வெயிட் கண்ட்ரோல் ஃபெயிலியர்.

மடிப்பு சரியாக அந்தக் கடைசிச் சொல்லின் மேல் விழுந்து எழுத்து தேய்ந்திருக்கிறது. ஸ்கேன் செய்தால் பளிச்சென்று தெரிகிறது.

ஜனவரி 9

3 தான், 4 இல்லை. 4 என்றால் வெய்வர், அதாவது விதிவிலக்கு, கேட்கவே வழியில்லை. இதை இன்றைக்கு எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 14

பொங்கல். அம்மா வெண்பொங்கலில் நெய்யை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "ஒரு கரண்டிதான்டி." சாப்பிட்டேன். இரண்டு கரண்டி. ராத்திரி டேப்பை எடுத்து அளந்தேன்.

டேப் என்றாலே ராணுவத்தில் உடல் கொழுப்பை அளந்த அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. மேஜை விளிம்பில் தொங்கிய வெள்ளை டேப், ஏ.சி. குளிரில் சில்லென்று கழுத்தில் படும். கழுத்து, இடுப்பு, பின்பக்கம், ஒவ்வொன்றும் மூன்று முறை. கழுத்தை மேலே அரை அங்குலத்துக்கு முழுமையாக்குவார்கள், மற்றதைக் கீழே. இடுப்பையும் பின்பக்கத்தையும் கூட்டிக் கழுத்தைக் கழிக்க வேண்டும். எனக்கு 58.5 வந்தது. என் உயரத்துக்கு அது 34 சதவீதம். 21 முதல் 27 வயதுப் பெண்ணுக்கு 32 வரைதான். 57 வந்திருந்தால் போதும். ஒன்றரை அங்குலம். அளந்தவள் என்னைவிடச் சின்னப் பெண், கண்ணைப் பார்க்காமல் எழுதினாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

இப்போது அப்படி இல்லை. 2023 ஜூனில் முறையே மாறிவிட்டது. தொப்புள் பக்கம் ஒரே இடம், அதோடு எடை. அந்த அளவில் கழுத்துக்கு வேலையே இல்லை.

ஜனவரி 23

ரெக்ரூட்டரிடமிருந்து போன் இல்லை.

ஜனவரி 24

இல்லை.

பிப்ரவரி 3

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். 180.

குட்டி பிறந்தது 2018 ஜனவரி. அப்போதைய விதி, பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் டேப் கிடையாது. 181-ஆம் நாளிலிருந்து நானும் எல்லோரையும் போலத்தான். பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடிகாலை ஓட்டத்துக்குப் போகும்முன் பால் எடுத்து வைக்க வேண்டும், வந்ததும் மறுபடி. மாதம் 3 பவுண்டோ 1 சதவீதமோ குறைய வேண்டும். ஒரு மாதம் குறைந்தது, அடுத்த இரண்டு மாதம் குறையவில்லை. 2019 மார்ச்சில் வெளியே.

2022 ஏப்ரலில் 180 என்பதை 365 ஆக்கினார்கள். செய்தியை நான் படித்தது வேலை இடைவேளையில், கையில் காப்பியோடு. காப்பி ஆறிப்போய் ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறகு வந்த பெண்களுக்குக் கிடைத்ததில் உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் 365 இருந்திருந்தால் என் 27-ஆம் கட்டத்தில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

ரெக்கார்டைத் திருத்தச் சொல்லி ராணுவ போர்டுக்கு எழுதலாம் என்கிறார் என் கணவர். தவறு தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடக் கெடு, காரணம் நியாயமாக இருந்தால் கெடுவைத் தள்ளுபடி செய்வார்கள். ஆனால் தவறு எங்கே? அன்றைய விதிப்படிதான் எல்லாம் நடந்தது. திருத்தச் சொல்ல எதுவும் இல்லை, கேட்கத்தான் முடியும். அதனால் வெய்வர்.

பிப்ரவரி 10

ஸ்டேட்மெண்ட் எழுத உட்கார்ந்தேன். "நான் ஏன் திரும்ப வர விரும்புகிறேன்." மூன்று பக்கம் எழுதி எல்லாவற்றையும் அழித்தேன். கெஞ்சுவது போல இருந்தது.

பிப்ரவரி 11

அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஹானரபிள் வந்ததும் நிறுத்தி, "மரியாதையாத்தானே அனுப்பியிருக்காங்க, அப்புறம் ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வெச்சே?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அர்ச்சனைத் தட்டில் அந்தத் தாளையும் வைக்கப் பார்த்தாள், நான் தடுத்துவிட்டேன். வைக்க விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 20

ரெக்ரூட்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். மெம்பர் 4 உட்பட.

பிப்ரவரி 21

தொப்புள் பக்கம் 35. கவலையில்லாத அளவு என்று தெரியும். ஆனாலும் மறுபடி அளந்தேன். 35.

மார்ச் 2

ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி. விபத்தில் அடிபட்ட பையன், தொடையில் ரத்தம் நிற்கவில்லை. டூர்னிக்கே, ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை, போட்டுக் குச்சியைத் திருகினேன், ரத்தம் நின்றதும் நேரத்தை அதன் மேலேயே எழுதினேன். 2:17. கை தானாகச் செய்தது. சான் அன்டோனியோவில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில், மெடிக் என்ற ராணுவ மருத்துவ உதவியாளர் பயிற்சியில், 16 வாரம் இருட்டிலும் மழையிலும் செய்து செய்து பழகிய கை. படையில் என்னை "டாக்" என்று கூப்பிடுவார்கள். மெடிக்கைப் படை வீரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது தானாகக் கிடைக்கிற பெயர் இல்லை. இங்கே என் பெயர் பேட்ஜில் டெக், அதாவது டெக்னீஷியன், என்றுதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து குளிக்காமலேயே ஸ்டேட்மெண்டை எழுதி முடித்தேன். ஒரு பக்கம். எடையைப் பற்றி இரண்டே வரி. மீதி எல்லாம் வேலையைப் பற்றி.

மார்ச் 5

"போனால் எத்தனை மாதம் வீட்டில் இருக்க மாட்டே?" என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். சரி என்றார். அந்தச் சரியில் சம்மதம் இருந்ததா என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மார்ச் 11

வெய்வர் மனுவின் பேக்கெட் போய்விட்டது. முதலில் பட்டாலியன், அங்கிருந்து மேலே. ரெக்ரூட்டிங் தலைமையகம் இருக்கும் இடம், கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் என்று மேப்பில் தேடிப் பார்த்தேன். யாரோ ஒருவர் மேஜையில் என் 3.

மார்ச் 15

குட்டி கேட்டாள்: "அம்மா, நீ சோல்ஜரா இருந்தியா, இல்ல இப்பவும் சோல்ஜரா?"

மார்ச் 16

போன் இல்லை. சனிக்கிழமை, வராதுதான்.

மார்ச் 19

குட்டிக்குக் காய்ச்சல், 101. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருக்கிறேன். போனை சமையலறையில் சார்ஜில் போட்டிருக்கிறேன், இங்கிருந்து கேட்கும்.