எம்டனுக்குப் பசை தேடிய கதை

மச்சான் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு கப்பல் கொண்டுவந்தான். எம்டன்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். போகிற போக்கில் நம் மொழிக்கு ஒரு வசவையும் விட்டுவிட்டுப் போனது. சின்ன வயதில் எங்கள் பாட்டி என்னை ‘எம்டன்’ என்றுதான் திட்டுவாள். அப்படிப்பட்ட கப்பலின், பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட், 1/350 அளவில். நிஜத்தில் 118 மீட்டர் நீளம். முடித்தால் என் மேஜையில் 34 சென்டிமீட்டர்.

பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில், பசையும் பெயிண்டும் தனியாக வாங்கிக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. “ஏன்டா, அதையும் வாங்கிட்டு வந்திருக்கலாமே?” என்றேன். “தீப்பிடிக்கிற சரக்கு மாமா, ஃப்ளைட்ல ஏத்த மாட்டான்.” நியாயம்தான்.

இந்தப் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட் செய்திருப்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில். அதற்கான பசை நிஜத்தில் ஒட்டுவதே இல்லை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். ஒரு மாதிரி வெல்டிங். ஜப்பானிய மாடல் கம்பெனி டாமியாவின் பச்சை மூடி போட்ட 40 மில்லி பாட்டிலைத்தான் உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். நான் தேடிய இடத்திலெல்லாம் ‘ஸ்டாக் இல்லை’. ஒரு கடையில் மட்டும் ‘விரைவில் வரும்’ என்றிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தேன். இன்னும் விரைவில்தான் வரும்.

சரி, வீட்டில் இல்லாத பசையா என்று பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் குயிக் பசையை எடுத்தேன். கப்பலின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு சொட்டு. ‘கொஞ்சம் தள்ளிப் பிடித்துவிட்டோமோ’ என்று மூளை யோசிப்பதற்குள் ஒட்டிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம். காலையில் பார்த்தால் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, அச்சுப் போட்ட மாதிரி. அந்தப் பசையின் ஆவி விரல் பட்ட இடத்தில் இப்படித்தான் படியுமாம். போலீஸ் தடயவியலில் ரேகை எடுக்க இதுவும் ஒரு வழி. என் கப்பலை நானே கெடுத்ததற்கு நானே சாட்சி. தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. கத்தியால் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுத்து மகளின் நெயில் பாலிஷ் ரிமூவர். மறுநாள் தொட்டதும் கழன்று விழுந்தது. கப்பல் எண்ணெய்ப் பிசுக்காக, ரோஜா வாசனையோடு இருந்தது. “அப்பா, அது அசிட்டோன் ஃப்ரீ. நகத்துக்கு நல்லது” என்றாள் மகள். எம்டனுக்கு ஏது நகம்?

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன்.

“பிளாஸ்டிக் ஒட்டணும் அண்ணாச்சி.”

“பக்கெட்டா, குடமா?”

“கப்பல்.”

என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “தண்ணியில விடுவீங்களா?”

“இல்ல, ஷோகேஸ்ல வைக்க.”

“அப்ப ஒழுகுனா என்ன சார்?” என்றவர், பிளம்பர்கள் பிவிசி பைப்புக்குப் போடும் சால்வென்ட் சிமென்ட் ஒரு டப்பா எடுத்து வைத்தார். “ஓவர்ஹெட் டேங்கையே தாங்குது, உங்க கப்பலைத் தாங்காதா?”

தாங்கியது. ஆனால் அது தேன் பதத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் கரைப்பான்களும் முரட்டு ஆசாமிகள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. முதலாவதை ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது அடி இளகி, கல்யாண வீட்டில் மூன்றாவது பந்திக்குக் காத்திருப்பவர் மாதிரி பக்கத்துப் புகைபோக்கியின் தோளில் சாய்ந்திருந்தது.

இதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, அந்த டாமியா பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். பெரிய ரகசியமெல்லாம் இல்லை. அசிட்டோன், பியூட்டைல் அசிடேட். அவ்வளவுதான். பாரிமுனை போய், நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு கெமிக்கல் கடையில் அசிட்டோன் கேட்டேன். “எத்தனை லிட்டர்?” என்றார்கள். ஒரு ஸ்பூன் போதும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அரை லிட்டர் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இனி வருவதை வீட்டில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பாட்டிலிலிருந்து நேராகப் பிரஷ்ஷில் தொட முடியவில்லை. சின்னக் கிண்ணம் வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தைத் தொட்டால் சமையலறையிலிருந்து குரல் வரும். பரணில், 2019-இல் பிளாஸ்டிக் தடை வருவதற்கு முன்பு ஏதோ விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சிய தெர்மோகோல் கப் ஒரு கட்டு இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அன்றைய பேப்பரை விரித்து, ஒரு கப்பை வைத்து ஊற்றினேன்.

தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான். கப்பலும் அதுதான். கப்பலைக் கரைப்பது கப்பைக் கரைக்காதா? இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயம் நினைவுக்கு வருவதற்குள் கப்புக்கு அடிப்பாகம் இல்லை. ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேல் விளிம்பு மட்டும் வளையலாக நின்றது. அசிட்டோன் பேப்பர் முழுக்கப் பரவி, ஓரமாகப் படுத்திருந்த டிவி ரிமோட்டின் அடியில் போனது.

பதறிப்போய்ப் பிடுங்கினேன். பேப்பரும் கூடவே கிழிந்து வந்தது. உரித்துப் பார்த்தால், ரிமோட்டின் முதுகில் அன்றைய தங்கம் விலை இடவலம் மாறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பட்டன்கள் ரப்பர் என்பதால் தப்பித்தன. ரிமோட் வேலை செய்தது. ஏழரை மணி சீரியலுக்கு உட்கார்ந்த மனைவி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, அதில் பிடித்துப் படித்தாள். “போன வாரத்தை விட ஏறியிருக்கு” என்றாள். பிறகு, “நாளையிலேர்ந்து இதெல்லாம் மொட்டை மாடியில. இங்க நான் கேஸ் பத்த வைக்கணும்.”

அந்தக் கடைசி வரி நியாயமான பயம். இந்தச் சரக்கெல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் முகர்ந்தால் தலைவலியும் வரும். மாடிக்குக் குடிபெயர்ந்தேன்.

மே மாதம். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் பிரஷ் பாட்டிலிலிருந்து கப்பலுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடுகிறது. அதை நிதானப்படுத்தத்தான் பியூட்டைல் அசிடேட், அதன் கொதிநிலை 126. அதற்காக மறுபடியும் பாரிமுனை போய் அரை லிட்டர் சுமக்க மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அண்ணாச்சி கடைக்கே போய், ஆசாரிமார் பாலிஷ் போட வாங்கும் என்சி தின்னர் ஒரு சின்ன பாட்டில் கேட்டேன்.

“கப்பல் என்னாச்சு சார்?”

“பெயிண்டிங் கட்டத்துல இருக்கு அண்ணாச்சி.” பொய்தான்.

ராத்திரி பத்து மணி, மொட்டை மாடி, எமர்ஜென்சி லைட். மகளின் காலி நெயில் பாலிஷ் பாட்டிலைக் கழுவி, அசிட்டோன் பாதி தின்னர் பாதி. மூடியிலேயே பிரஷ் இருக்கிறது, இதைவிட வசதி வேண்டுமா? முதலில் ஒரு பழைய சிடி டப்பாவை உடைத்து ஒட்டிப் பார்த்தேன், அதுவும் பாலிஸ்டைரீன். பிடித்தது. அப்புறம் எம்டனின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் மேல் பிரஷ் நுனியை ஒரே ஒரு தொடல். திரவம் தானாக அந்தக் கோட்டோடு சரசரவென்று முன்முனை வரைக்கும் ஓடியது. லேசாக அழுத்தியதும் கோடு நெடுக மெல்லிசாக, கரைந்த பிளாஸ்டிக் பிதுங்கி வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவர், “என்ன சார், பீரோவுக்குப் பெயிண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிஜ எம்டனுக்கு மெட்ராஸைக் கலக்க அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அதன் இரண்டு பக்கங்களை ஒட்ட எனக்கு ஐந்து வாரம்.

போன வாரம் மச்சானுக்கு வீடியோ காலில் காட்டினேன். கேமராவுக்கு நெருக்கமாக வந்து பார்த்தான். “சூப்பர் மாமா. முதல் புகைபோக்கி மட்டும் ஏன் சாஞ்சிருக்கு?”

“1914 நவம்பர் 9, கோகோஸ் தீவு. ஆஸ்திரேலியாக்காரன் சிட்னி கப்பல் அடிச்ச அடியில அப்படி ஆயிடுச்சு. வரலாறு படிடா.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்போ பக்கவாட்டுல அந்த வெள்ளைக் கட்டைவிரல்?”