எண்பது டாலரும் இரண்டு சென்ட்டும்

கனடாவுக்கு வந்த முதல் அக்டோபரில், அமெரிக்க இணையக் கடை ஒன்றில் குளிர்காலக் கோட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். கனடா டாலரில் 240. நாங்கள் இருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக் கடைகளில் அதே மாதிரி கோட்டு 300. அறுபது டாலர் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையடித்தது வேறு.

பெட்டியோடு வந்த கூரியர்காரர் 108 டாலர் சொச்சம் கட்டச் சொன்னார். ஏமாற்று வேலையோ என்று சந்தேகம். ரசீதைப் பார்த்தால் எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. கோட்டு வந்தது அமெரிக்காவிலிருந்து என்றாலும் தைத்தது சீனாவில். அதனால் சுங்கம் 18 சதவீதம், 43.20. விலையையும் சுங்கத்தையும் கூட்டி அதன்மேல் ஒன்டாரியோ மாகாணத்தின் 13 சதவீத விற்பனை வரியான எச்.எஸ்.டி., 36.82. ஆமாம், வரிக்கும் வரி. மீதி 28 டாலர், நமக்காக அரசிடம் கணக்குக் காட்டியதற்கு கூரியர் நிறுவனம் எடுத்துக்கொண்ட கூலி.

சரி, தொலையட்டும் என்று கட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். தோளில் பிடித்தது.

திருப்பி அனுப்ப 22 டாலர் என் செலவு. கடைக்காரர்கள் விலையை முழுசாகத் திருப்பித் தந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டுப் பணம் என்பதால் வங்கி போகும்போது இரண்டரை சதவீதம், வரும்போது இரண்டரை சதவீதம் எடுத்துக்கொண்டது. அட்டையிலிருந்து போனது 246, வந்தது 234. சுங்கப் பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அது எங்களிடம் வரவே இல்லையே என்றது கடை. நியாயம்தான். போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முப்பது வருடமாக இருக்கிறார். அவர்தான் சொன்னார்: "அந்தக் காசை விட்டிடாதைங்கோ தம்பி. பி2ஜி எண்டு ஒரு ஃபோர்ம் இருக்கு."

இருந்தது. சுங்கம் வசூலிக்கும் கனடா எல்லைச் சேவை முகமையின் படிவம். அதோடு சுங்கம் கட்டிய ரசீது, பொருளைத் திருப்பி அனுப்பியதற்கான அஞ்சல் சான்று, கடை பணம் திருப்பித் தந்த சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். நான் மறந்தே போன பிறகு ஒருநாள் காசோலை வந்தது. சுங்கமும் எச்.எஸ்.டி.யும் சேர்த்து 80.02. அந்த இரண்டு சென்ட்டைக்கூட விடவில்லை! கூரியர் கூலி மட்டும் வராது. அது வரியே அல்ல. ஆக 28, 22, வங்கி தின்ற 12. போடாத கோட்டுக்கு 62 டாலர். மிச்சம் பிடித்ததாகச் சொன்ன அறுபதை மனைவி இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த 28-ஐயும் தவிர்த்திருக்கலாம் என்று. பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, நானே சுங்கம் கட்டிக்கொள்கிறேன் என்று கூரியரிடம் சொல்லிவிட்டு, பொருளின் விவரத்தோடு முகமையின் அலுவலகத்துக்கு நேரில் போனால் வரி கட்டியதற்கான தாளைத் தருவார்கள். அதைக் காட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். அரை நாள் போயிற்று. சின்னப் பெட்டிக்கு இந்த அலைச்சல் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்தால் 40 டாலர் வரை வரியில்லை, 150 வரை சுங்கமில்லை. இந்தியாவிலிருந்து வருவதற்கு வரம்பு வெறும் 20 டாலர். அதைத் தாண்டினால் முழு மதிப்புக்கும் வரி. தபாலில் வந்து வரி விழுந்தால் கனடா போஸ்ட்டுக்குக் கையாளும் கட்டணம் 9.95 தனி.

உறவினர் அனுப்பும் பரிசுக்கு 60 டாலர் வரை விலக்கு உண்டு. சென்னைக் கடையில் நானே புடவை வாங்கி "பரிசு" என்று எழுதச் சொன்னால் அது பரிசாகாது. உள்ளே வாழ்த்து அட்டை இருப்பது நல்லது என்று அம்மாவிடம் சொன்னேன். போன பொங்கலுக்கு வந்த பெட்டியில், பருப்புப்பொடி பாக்கெட்டுக்கும் வேட்டிக்கும் நடுவே மூன்று பக்கக் கடிதம்.