வலை கட்டியும் பூச்சி ஏன்?

"நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை. அப்புறம் எப்படி வெள்ளை ஈ வந்தது?" மாடித்தோட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பதில் கொஞ்சம் கசக்கும். அவர்கள் கட்டியது நிழல்வலை. வெயிலைக் குறைக்கத்தான் அது, பூச்சியை மறிக்க அல்ல. 50 சதவீதப் பச்சை வலை அணிலை நிறுத்தும், குருவியை நிறுத்தும், பெரிய பட்டாம்பூச்சியையும் நிறுத்தும். வெள்ளை ஈயின் மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கு அந்த வலை திறந்து கிடக்கும் வீட்டு வாசல்.

பூச்சித் தடுப்பு வலை என்று தனியாக வெள்ளை நிறத்தில் கிடைக்கிறது. வாங்கும்போது 'மெஷ்' கேட்டு வாங்குங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதுதான் அந்தக் கணக்கு. அந்துப்பூச்சி, வண்டு, பழ ஈ இவற்றுக்கு 40 மெஷ் போதும். வெள்ளை ஈக்கு 50 வேண்டும். இலைப்பேன் என்ற மெல்லிய பூச்சி 50-லும் நுழைந்துவிடும். அதற்காக இன்னும் நெருக்கமான வலைக்குப் போனால் காற்று நின்றுபோய், சித்திரை வெயிலில் உள்ளே தக்காளிப் பூ கொத்துக்கொத்தாக உதிரும். நம் ஊர் மாடிக்கு என் சிபாரிசு இதுதான்: சுற்றுச்சுவருக்கும் கூரைக்கும் 50 மெஷ், கூரை உயரம் 8 அடிக்குக் குறையாமல், அதற்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு, கழற்றி மாட்டும்படி நிழல்வலை. ஐப்பசியில் மழை பிடித்ததும் நிழல்வலையைச் சுருட்டி வைத்துவிடலாம்.

இதையெல்லாம் செய்தாலும் பூச்சி வரும். வலைக்கூடாரத்தின் விசேஷமே வேறு. வெளியே இருக்கும் செடியில் பத்து அசுவினிப் பூச்சி வந்தால் மழை கொஞ்சத்தைக் கழுவும், காற்று கொஞ்சத்தைத் தள்ளும், பொறிவண்டு கொஞ்சத்தைத் தின்னும். கூடாரத்துக்குள் இந்த மூன்றும் குறைவு. உள்ளே நுழைந்த ஒன்றுக்கு விருந்தும் கிடைக்கிறது, பாதுகாப்பும் கிடைக்கிறது. அதனால் இங்கே வேலை தெளிப்பதில் தொடங்குவதில்லை, இலையைத் திருப்பிப் பார்ப்பதில் தொடங்குகிறது. வாரம் இரண்டு முறை, காலையில், ஒவ்வொரு செடியிலும் நுனி, நடு, அடி என மூன்று இலை. அவ்வளவுதான்.

பூச்சி பெரும்பாலும் பறந்து வருவதில்லை, நாம் தூக்கிக்கொண்டு வருகிறோம். நர்சரி நாற்று, பக்கத்து வீட்டில் கொடுத்த செம்பருத்திக் குச்சி, போன முறை கத்தரி வைத்த பையின் மண். புது நாற்று எதுவானாலும் 10 நாள் கூடாரத்துக்கு வெளியே தனியாக இருக்கட்டும். கதவுக்குக் கீழே இருக்கும் இரண்டு விரல் இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. வலையை ஓரடி அதிகமாகத் தொங்கவிட்டு, தரையில் படும் இடத்தில் செங்கல் வையுங்கள். கூடாரத்தைச் சுற்றி மொட்டைமாடி இடுக்கில் முளைக்கும் துத்தியைப் பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அது சத்திரம்.

இனி யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்த இலை என்றால் கடித்துத் தின்னும் வாய்: புழு, வண்டு, நத்தை. ஓட்டை இல்லாமல் சுருண்டு, வெளுத்து, பிசுபிசுத்தால் சாறு உறிஞ்சும் வாய். இந்த ஒன்றைப் பிரிக்காமல் மருந்து தேடுவது வீண். புழுவுக்கான பி.டி. பாக்டீரியாப் பொடியை அசுவினிக்கு அடித்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் பொடி வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். சாறு உறிஞ்சும் பூச்சியோ இலையின் மேற்பரப்பைத் தின்பதே இல்லை.

மிளகாயில் இந்தக் குழப்பம் அதிகம். "இலை சுருள்கிறது" என்றவுடன் எல்லோரும் வேப்பெண்ணெய் பாட்டிலை எடுக்கிறார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது? விளிம்பு மேல்நோக்கி மடங்கி இலை படகு போல இருந்தால் இலைப்பேன். விளிம்பு கீழ்நோக்கி மடங்கி, படகைக் கவிழ்த்த மாதிரி இருந்து, காம்பும் வழக்கத்தைவிட நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே கூம்பிப்போனால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்று சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய வெள்ளைத்தாளை நுனிக்கடியில் பிடித்து நாலு தட்டுத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல, வைக்கோல் நிறத்தில் ஓடினால் இலைப்பேன். மஞ்சள் சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். விலை அதிகமில்லை, பூச்சி மருந்துக்குச் செலவழிப்பதற்கு முன் அதை வாங்குங்கள்.

இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள். பழைய மஞ்சள் எண்ணெய் டின் மேல் விளக்கெண்ணெய் தடவினாலும் பொறிதான். செடியின் நுனியிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும், செடி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள். ஆனால் பொறி கட்டியதாலேயே பூச்சி ஒழியும் என்று எண்ண வேண்டாம். அது கணக்குப்பிள்ளை. போன வாரம் ஐந்து, இந்த வாரம் முப்பது என்று சொல்லும், மற்றதை நாம்தான் செய்ய வேண்டும்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள், 80 சதவீதம் என்று போட்டிருப்பது, லிட்டருக்கு 2 கிராம். இரண்டு எச்சரிக்கை உண்டு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாத செடியில் தெளித்தாலும் கருகும். வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளில் சில கந்தகத்தைத் தாங்காது. ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகு தொடருங்கள். கோடையில் வெண்டை, அவரை இலைக்கடியில் மெல்லிய நூலாம்படையோடு வரும் செம்பேனுக்கு முதல் வைத்தியம் வெறும் தண்ணீர். பைப்பின் வாயை விரலால் அழுத்தி, கீழிருந்து மேலாக, காலை வேளையில் மூன்று நாள் தொடர்ந்து அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். வறட்சிதான் அதன் பலம்.

வேப்பெண்ணெய்க்கு வருவோம். அதைக் குறை சொல்பவர்கள் பலரும் தவறாகக் கலக்கிறவர்கள். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி, மேலே சோப்பைப் போட்டு ஆட்டினால் கலக்காது. தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும், அந்தக் கடைசிச் செடி கருகும். சரியான வரிசை இது: 2 கிராம் காதி சோப்பைச் சீவி ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். மோர் போல வெளுக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டராகத் தண்ணீர் சேருங்கள். பத்து நிமிடம் கழித்தும் மேலே எண்ணெய் மிதந்தால் சோப்பு போதவில்லை. துணி துவைக்கும் பொடி வேண்டாம், இலையின் மெழுகை அது அரித்துவிடும். வயலுக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, என்று சொல்வதுண்டு. சூடேறிய கூடாரத்துக்குள் அந்த அளவுக்குப் போகாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், வேம்பின் கசப்புச் சத்து வெயிலில் சிதைந்துவிடும். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். தெளிப்பானின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும். இலையின் மேல்பக்கம் மட்டும் பளபளவென்று நனைந்திருந்தால் அந்த வேலை கணக்கில் சேராது.

இதைவிட எனக்குப் பிடித்தது வேப்பங்கொட்டைச் சாறு. ஆனி, ஆடியில் மரத்தடியில் விழுவதைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திய கொட்டையின் பருப்பு 50 கிராம். ஒன்றிரண்டாக இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, 2 கிராம் சோப்பு சேர்த்து, அன்று மாலையே தெளிக்க வேண்டும். பூசணம் பிடித்த கொட்டையும் ஓராண்டு பழைய கொட்டையும் ஆகாது. மிக்சியில் அரைத்தால் அந்த ஜாரை அப்புறம் சட்னிக்கு மறந்துவிடுங்கள்.

ஒரு முறை தெளித்து "கேட்கவில்லை" என்று விடுவதுதான் அடுத்த தவறு. வெள்ளை ஈயின் முட்டைக்கு மேற்படி எதுவும் பெரிதாகக் கேட்காது. முட்டையிலிருந்து ஈயாக வெயில் காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரம். ஆறு நாளுக்கு ஒரு முறை, மூன்று அல்லது நான்கு தடவை தெளித்தால்தான் ஒரு தலைமுறை முழுவதும் வலையில் விழும். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அந்தச் செடிக்கு மருந்து இல்லை. பார்த்த அன்றே பிடுங்கி, பையில் கட்டி வெளியே எடுத்துப் போங்கள். வேரோடு உலுக்கினால் ஈ எல்லாம் அடுத்த செடிக்குப் பறக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பை நக்க வரும் எறும்பு, அதை விரோதிகளிடமிருந்து காக்கிறது, புதுச் செடிக்கும் தூக்கிப் போகிறது. ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அல்லது காலைச் சுற்றி நாலு விரல் அகலம் கிரீஸ் தடவுங்கள். இலை எதுவும் சுவரையோ வலையையோ தொடக்கூடாது, தொட்டால் அதுவே பாலம். கொஞ்சமாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

துடைக்கும் முன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். மாவுக்கூட்டத்தின் நடுவே, அதைப் போலவே வெள்ளை மெழுகு நூல் தொங்க, ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக ஒன்று சுறுசுறுப்பாக நடந்தால் அதைக் கொன்றுவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்கிறது. மாவுப்பூச்சி தொட்டால் மெதுவாக நகரும், இது ஓடும். புதியவர்கள் முதலில் கொல்வது இதைத்தான், பெரிதாகத் தெரிவதால். இன்னொரு உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் சரியாக அடங்காதது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துவிட்ட அசரோபேகஸ் என்ற கடுகளவுகூட இல்லாத குளவிக்கு அடங்கியது. கடுமையான ரசாயனம் அடித்தால் இந்தக் கூலி கேட்காத ஆட்கள்தான் முதலில் சாவார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிக்குப் பயன்படுத்த நாட்டில் தடையே இருக்கிறது; யாராவது "ஒரு மூடி போதும்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

கத்தரிக்கு வேறு சண்டை. நன்றாக நீர் ஊற்றியும் ஒரே ஒரு நுனி மட்டும் காலையில் தலை தொங்கினால் தண்டுத்துளைப்பான் உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே, நல்ல தண்டிலும் ஓரங்குலம் சேர்த்து வெட்டி, நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். எச்சம் அடைத்த குழிக்குள் இளஞ்சிவப்பாக, பழுப்புத் தலையோடு ஒரு புழு. அதைத் தூர எறிந்தால் போதாது, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது. வெட்டுக் கத்திதான் மருந்து. காய் பிடிக்கும் முன் நுனியில் வெட்டிவிட்டால் காய்க்குள் போவது வெகுவாகக் குறையும். கூட்டுப்புழு உதிர்ந்த சருகில் ஒளிந்திருக்கும், பையின் மேல் சருகு சேரவிடாதீர்கள்.

இலைக்கடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைத்திட்டு இருந்தால் புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவின் முட்டை. அந்த ஓர் இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கில் போகும். புழு பரவிவிட்டால், சிறிதாக இருக்கும்போதே, பி.டி. பொடி லிட்டருக்கு 2 கிராம், மாலையில். நத்தைக்கு இரவு டார்ச்சும் கையும்தான்.

இன்னொன்று: பூச்சிக்கு அடைத்த கதவு தேனீக்கும் அடைப்புத்தான். மிளகாய், கத்தரி, தக்காளிக்குக் காலையில் செடியை மெல்லத் தட்டினால் போதும். பாகலுக்கும் வெள்ளரிக்கும் காலையில், பீர்க்கன், புடலுக்கு மாலையில், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். சோம்பல் என்றால் கொடிகளைக் கூடாரத்துக்கு வெளியே விட்டு, பிஞ்சுக்கு மட்டும் துணிப்பை கட்டுங்கள். பழ ஈக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு போகம் முடிந்ததும் எல்லாவற்றையும் வேரோடு எடுத்து, கூடாரத்தை இரண்டு வாரமாவது காலியாக விடுங்கள். கறிவேப்பிலை ஒன்றுதானே என்று எதையும் விட்டுவைக்காமல் அதையும் வெளியே நகர்த்துங்கள். பழைய மண்ணைக் கொட்டி, ஈரமாக்கி, நிறமில்லாத பாலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, மூன்று நாலு வாரம் நல்ல வெயிலில் வேகவிடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம், அதில் ஷீட்தான் சூடாகும், மண் அவ்வளவு சூடாகாது.