தண்ணீர்மலையானைத் தேடி

தாத்தா திருநீறு பூசும்போதெல்லாம் ‘தண்ணீர்மலையானே’ என்பார். பழனிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குன்று என்றுதான் சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடலுக்கு அப்பால், மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு வயது முப்பது ஆகிவிட்டது. தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போய், அந்தத் தீவின் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

இந்தத் தைப்பூசத்துக்குப் போய் வந்தோம். பினாங்குக்கு இப்போது இரண்டு பாலங்கள் இருக்கின்றன. “துறைமுக ஊரில் கடல் வழியாகத்தான் போய் இறங்க வேண்டும்” என்று மைத்துனர் பிடிவாதம் பிடித்ததால் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் படகு ஏறினோம். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கரை வந்துவிட்டது.

மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. வெற்றிலை போடுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான தீவு ஏது? 1786இல் பிரான்சிஸ் லைட் இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்தார். தீவு அதுவரை கெடா சுல்தானுடையது. காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. காசைத் தேடி வெட்டியவர்கள் யார் என்பதைக் கதை சொல்வதில்லை. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்றதும் சீனர், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், செட்டியார்கள் எல்லோரும் வந்து குவிந்தார்கள்.

குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலுக்கு முதலில் போனோம். 1833இல் எழுந்த கோவில். துறைமுகத் தொழிலாளிகள் கும்பிட்ட அம்மன், துறைமுகம் இருக்கிற கிழக்கைப் பார்த்தே இருக்கிறாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது, என்னுடையதைச் சொல்லாமல் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அர்ச்சனையைத் தொடர்ந்தார். கோவிலின் பின்பக்கத் தெருவில் சற்று நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எதிர்த்திசையில் சீனர்களின் குவான் யின் கோவில், அதையும் தாண்டினால் 1818ஆம் ஆண்டுத் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. கப்பலேறியவர்கள் நாகூர் ஆண்டவரை ஊரிலேயே விட்டுவிட்டு வருவார்களா என்ன!

பூசத்துக்கு முந்தைய நாள், செட்டிப்பூசம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து விடியற்காலையில் வெள்ளித்தேர் புறப்படுகிறது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் கொண்டுவந்த தேர் அது. தாத்தாவைப் போலவே தேரும் கடல் கடந்து வந்ததுதான். காளைகள் இழுக்க, நகரவே மனமில்லாததுபோல் போகிறது. வழியெங்கும் ஆளுயரத்துக்குத் தேங்காய்க் குவியல்கள். தேர் நெருங்கியதும் ஒரு சீனக் குடும்பமே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியது. பாட்டி முதல் காயை உடைத்தார். பேரன்கள் இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி அடித்தார்கள். இளநீர் தெறித்து என் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. சில்லுகளை மண்வெட்டியால் ஒதுக்கி வழிவிட்ட பிறகுதான் தேர் மேற்கொண்டு நகர முடிந்தது. நேர்த்திக்கடன் என்றால் அவர்களுக்கும் நேர்த்திக்கடன்தான். வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்ற வேண்டுதலை முருகனிடம் எந்த மொழியில் சொன்னால் என்ன?

மறுநாள் காவடிகளோடு தண்ணீர்மலை ஏறினோம். 513 படிகள். இருநூறு தாண்டியதும் என் முழங்கால் தனியாக ஒரு வேண்டுதல் வைத்தது. உச்சியில் பாலதண்டாயுதபாணிக்கு 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோவில். பளபளப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சந்நிதியில் நின்றதும் அந்தக் குறை போய்விட்டது. தாத்தா வாயில் வந்த பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டேன். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பித் திருநீற்றுப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தேன். பிரிக்கும் முன்பே, “அந்த மலையில் தண்ணீர் விழுகிறதா?” என்று கேட்டாள். அருவி இருக்கிறது, பக்கத்துத் தாவரவியல் பூங்காவுக்குள். நான்தான் போய்ப் பார்க்காமல் வந்துவிட்டேன்.