மார்கழி பனியும் ரெண்டு நம்பரும்

எங்க ஊரு தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் பக்கம். நான் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்குன நாள்லேர்ந்து அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு, "தம்பி, நம்ம வயலுக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு போயேன்"னு. திருச்சியில ஏறுனா கூப்புடு தூரம்தான், ஆனா நடுவுல தஞ்சாவூர் விமானப்படை தளம் இருக்கு, 2020 ஜனவரியிலேர்ந்து அங்க சுகோய் போர் விமான ஸ்குவாட்ரன் நிக்குது. முன்கூட்டி அனுமதி இல்லாம அந்தப் பக்கம் மூக்கத் திருப்பவே கூடாது. போன மார்கழியில திருச்சிக்கு வந்தப்ப கேட்டுப் பாத்தேன், கெடைக்கல.

சரி, வந்த வழியே சேலத்துக்குத் திரும்புவோம்னு முடிவு பண்ணேன். அதுக்கே எவ்ளோ வேலை இருக்குன்னு வெளியில யாருக்கும் தெரியாது. பிளைட் பிளான் குடுத்தா மட்டும் போதாது, விமானப்படை குடுக்குற ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் நம்பர் ஒண்ணு, ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் குடுக்குற எஃப்ஐசி நம்பர் ஒண்ணு, ரெண்டும் வேணும்.

காலையில 7 மணிக்குக் கெளம்பணும். ஒரே பனி. கண்ணால பாத்து ஓட்டுற ரூல்ஸ்ல பறக்கணும்னா கொறைஞ்சது 5 கிலோமீட்டர் தெரியணும், எனக்கு ரன்வேயோட அந்தக் கோடியே தெரியல. கண்ணாடி முழுக்க பனித்துளி, தொடைக்கத் தொடைக்க திரும்பப் பூக்குது, துணிய பிழிஞ்சா தண்ணி சொட்டுது. சொன்ன நேரத்துக்கு மேல 30 நிமிஷம் தள்ளிப்போச்சுன்னா பிளான மாத்திக் குடுக்கணும், அதனால திரும்ப போன், திரும்ப நம்பர். பழைய நம்பர்தான் இருக்கேன்னு கெளம்பிடாதீங்க தம்பிங்களா, ராடார்ல தெரியிற புள்ளி நம்மாளா வேத்தாளான்னு கீழ உக்காந்திருக்கவங்க அத வச்சுத்தான் பாக்குறாங்க.

எட்டே முக்காலுக்கு வெளுத்துச்சு. கன்ட்ரோலர் கிளியரன்ஸ் வாசிச்சாரு, எந்தப் பக்கம் திரும்பணும், எவ்ளோ உசரம், உசரமானிய சரியா வைக்கிறதுக்கான காத்தழுத்த அளவு (க்யூஎன்எச்), ராடார்ல நம்மள அடையாளம் காட்டுற ஸ்குவாக் கோடு, எல்லாத்தையும் முட்டியில கட்டியிருந்த பேட்ல கிறுக்கிக்கிட்டு திருப்பிச் சொன்னேன். கோடு நாலு இலக்கம், 0லேர்ந்து 7 வரைக்கும்தான் வரும், 8ம் 9ம் கெடையவே கெடையாது. நான் நடுவுல ரெண்டு இலக்கத்த மாத்திச் சொல்லிட்டேன். "நெகட்டிவ்"னு நிறுத்தி பொறுமையா மறுபடி சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்ளோ கடமைப்பட்டிருக்கேன்னு அவருக்குத் தெரியாது, தப்பான கோடோட மேல போயிருந்தா ஸ்கிரீன்ல நான் வேற யாரோ.

ஏறுனதும் வலப்பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரம், இடப்பக்கம் முக்கொம்பு, காவிரி ரெண்டா பிரியிற எடம், கொள்ளிடத்து மணல் வெள்ளையா விரிஞ்சு கெடக்கு. அந்தத் தண்ணிதான் கல்லணை தாண்டி எங்க வாய்க்காலுக்கும் போகுது. கெழக்க பாத்தேன், பனி மட்டும்தான்.

சாயந்திரம் அப்பாவுக்கு போன் போட்டேன். காலையிலேர்ந்து மாடியிலயே நின்னிருக்காரு. "சத்தம் கேட்டுச்சு தம்பி, நீதானோன்னு கைய ஆட்டுனேன்"ன்னாரு.

"அது சுகோய்ப்பா."

"அப்படியா, பரவால்ல. அவனும் யார் வீட்டுப் புள்ளையோ"ன்னாரு.