ஒரு கிரேன், இரண்டு வாடகை

2023 நவம்பர் 11, சனிக்கிழமை இரவு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் மைதானத்தில், மேலடுக்கில் நின்றபடி நானும் என் மகனும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே யாரும் உட்காருவதில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே பார்ப்பது அந்த ஊர் மாணவர்களின் நூறாண்டுப் பழக்கம், அது எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. மிஸிஸிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று நம் அணி வென்றது. வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் காலை மகன் பல்கூடத் துலக்காமல் என் அறைக்கு வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது.

"அப்பா, ஜிம்போ ஃபிஷரை நீக்கிவிட்டார்களாம். நேற்றுதானே ஜெயித்தோம்?"

தலைமைப் பயிற்சியாளரை நீக்கியதில் எனக்கு வியப்பு இல்லை. அந்த சீசனில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி; அதற்கு முந்தைய சீசனில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. செய்தியின் இரண்டாம் பத்தியில் இருந்த தொகைதான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. அவரை வேலையை விட்டு அனுப்பப் பல்கலைக்கழகம் தரவேண்டியது 7 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். இங்கே இதற்குப் 'பைஅவுட்' என்று பெயர். நான் விலக்குத் தொகை என்று எழுதுகிறேன். கல்லூரிக் கால்பந்தில் அதற்கு முன் பெரிதாகப் பேசப்பட்ட விலக்குத் தொகை, 2020 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகம் கஸ் மால்சானுக்குக் கொடுத்த 2 கோடியே 14 லட்சம். இது அதைப்போல் மூன்றரை மடங்கு.

ஒப்பந்தங்களைப் படிப்பது என் தொழில். ஒரு கட்டுமான நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். அதனால் இந்தச் செய்தியை விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன், உயரக் கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு மாத வாடகை கட்டாயம் என்ற வரியைப் பார்த்தேன். கிரேனை முன்கூட்டியே திருப்பிக் கொடுத்து, உரிமையாளர் அதை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டால் அந்தப் பணத்தை நம் பாக்கியில் கழிக்க வேண்டும் என்ற வரி அதில் இல்லை. அது இல்லாததை நான் கவனிக்கவில்லை. எட்டாம் மாதம் வேலை நின்றது. கிரேன் இன்னொரு தளத்துக்குப் போய்ச் சம்பாதித்தது. மீதி நான்கு மாதமும் நாங்களும் வாடகை கட்டினோம். அந்த ஆண்டு எனக்குச் சம்பள உயர்வு கிடையாது. அடுத்த ஓராண்டுக்கு என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எந்தத் தாளும் வெளியே போகும். அது நியாயமான தண்டனை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஃபிஷருடைய ஒப்பந்தத்தில் இல்லாமல் போனதும் அதே வரிதான்.

பொதுவாக இந்த நாட்டுச் சட்டத்தில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தன் இழப்பைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டும். வேறு வேலை தேட வேண்டும். கிடைத்தால் அந்தச் சம்பளம் பழைய முதலாளி தரவேண்டிய தொகையில் கழியும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்தக் கடமையை விலக்கிவிடலாம். ஏ அண்ட் எம் விலக்கிவிட்டது. நீக்கிய 60 நாட்களுக்குள் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் டாலர். பிறகு 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம். அவர் வேறு எங்கே வேலை பார்த்து எவ்வளவு ஈட்டினாலும் இதில் ஒரு டாலர் குறையாது.

இதற்கு மாற்றாக இன்னொரு கணக்கு உண்டு. 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. தொடர்ந்து மூன்று தோல்விகள்; கடைசித் தோல்வி நார்த்வெஸ்டர்னிடம், ஒரே ஒரு புள்ளியில். அவருக்குத் தரவேண்டியிருந்தது சுமார் 4 கோடியே 90 லட்சம் டாலர். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கழித்துக்கொள்ளும் பிரிவு இருந்தது. நவம்பரில் வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொண்டது; பென் ஸ்டேட்டும் ஃபிராங்க்ளினும் 90 லட்சத்தில் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஒரு பத்தி எழுத்தின் விலை 4 கோடி டாலர். என் வேலையின் மதிப்பை என் மனைவிக்கு விளக்க நான் பல ஆண்டுகளாகத் திணறியிருக்கிறேன். இந்தச் செய்தியைக் காட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

தெரியாமல் ஏமாந்துவிட்டார்கள் என்று ஏ அண்ட் எம் நிர்வாகத்துக்காகப் பரிந்து பேசவும் வழியில்லை. ஃபிஷருக்கு முன்னால் இருந்த கெவின் சம்லினை 2017-இல் நீக்கியபோது 1 கோடியே 4 லட்சம் டாலரை 60 நாட்களுக்குள் கொடுத்தார்கள். அதிலும் கழிவு கிடையாது. சூடு பட்ட அதே கையால், அதே ஆண்டு டிசம்பரில், ஃபிஷருக்குப் பத்தாண்டு, 7 கோடியே 50 லட்சம் டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்குத் தேசியச் சாம்பியன் என்று பொறித்த ஒரு பலகையைப் பரிசளித்தார். அதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் காலியாக இருந்தன. அந்த இடம் நிரம்பவே இல்லை.

முதல் ஒப்பந்தத்தையாவது ஏற்றுக்கொள்ளலாம். ஃபிஷர் 2013 சீசனில் ஃபுளோரிடா ஸ்டேட்டைச் சாம்பியனாக்கியவர். அப்படிப்பட்டவர் சும்மா வரமாட்டார். நான் மன்னிக்க முடியாதது 2021 செப்டம்பரில் நடந்தது. 2020-இல் அணி ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி என்று ஆடி நாட்டில் நான்காம் இடம் பிடித்திருந்தது. ஃபிஷரின் ஒப்பந்தத்தில் 2027 வரை ஏழு சீசன்கள் மிச்சம் இருந்தன. ஏழு! அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவாரோ என்ற அச்சத்தில் இன்னும் நான்கு ஆண்டுகளைச் சேர்த்து 2031 வரை நீட்டினார்கள். சம்பளத்தை 90 லட்சத்துக்கு ஏற்றினார்கள். நீக்கினால் முழுப் பாக்கி என்ற உத்தரவாதத்தை அப்படியே விட்டார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், அது வேறு. கூடுதல் சம்பளத்துக்குப் பதிலாக உத்தரவாதத்தைப் பாதியாகக் குறைக்கிறோம் என்று கேட்க அந்த அறையில் ஒருவர்கூட இல்லையா? எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைகள்கூட அதைக் கேட்டிருப்பார்கள்.

அடுத்த ஆண்டே கணக்கு வந்து நின்றது. 2022 செப்டம்பர் 10 அன்று நாட்டில் ஆறாம் இடத்தில் இருந்த எங்கள் அணியை, மலைப் பகுதி ஊர் ஒன்றிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அதே கைல் ஃபீல்டில் 17-14 என்று சாய்த்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய அணிகளைப் பணம் கொடுத்து அழைத்து வருவது வழக்கம். அந்த அணிக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம் சாவு வீடுபோல் ஆனது. எனக்கு முன்வரிசையில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்டோபரிலும் நவம்பரிலுமாகத் தொடர்ந்து ஆறு தோல்விகள். சீசன் முடிவில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அந்த டிசம்பரில் ஃபிஷரை நீக்கியிருந்தால் தொகை இன்னும் கூடியிருக்கும் என்பதால்தான் மேலும் ஓராண்டு பொறுத்தார்கள் என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பொதுப்பணம் இதில் இல்லை, விளையாட்டுத் துறையின் வருமானமும் '12த் மேன் ஃபவுண்டேஷன்' என்ற நன்கொடையாளர் அமைப்பும்தான் தருகின்றன என்று நிர்வாகம் சொன்னது. அது உண்மைதான். ஆனால் ஒருவர் மனமுவந்து கொடுத்த பணத்தை எப்படிச் செலவழித்தாலும் கேள்வி கிடையாது என்று எந்த ஊர்க் கோவில் தர்மகர்த்தாவும் சொல்ல மாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் முன்பு வேறொரு மாநிலத்தில், வேறொரு கல்லூரி அணியில் வீரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர். அங்கே தலைமைப் பயிற்சியாளரை நீக்கிய வாரத்தில் இவரையும் சேர்த்துப் பலரை அனுப்பிவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளருக்குப் பல ஆண்டுச் சம்பளம். இவருக்கு இரண்டு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடியும் என்ற ஒரு தாளும். அவருடைய மகள் ஒன்பது ஆண்டுகளில் நான்கு பள்ளி மாறியவள். ஒருநாள் என் மகளிடம், "புதிய பள்ளிக்குப் போனால் யாருடனும் ரொம்ப நெருங்காமல் இருப்பது நல்லது" என்று அவள் சொன்னாளாம். என் மகள் இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னபோது எங்களால் எதுவும் பேச முடியவில்லை. தோற்ற சீசனின் கணக்கு இப்படிப்பட்ட வீடுகளில்தான் தீர்க்கப்படுகிறது.

ஏன் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதற்கு நான் கேட்ட காரணங்களில் ஒன்று மட்டும் சற்று நிற்கும். பதினேழு வயதுப் பையனைக் கல்லூரிக்கு அழைக்கும்போது, "நான் ஆடி முடிக்கும்வரை இந்தப் பயிற்சியாளர் இருப்பாரா?" என்று அவன் பெற்றோர் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டே மிச்சம் என்றால் போட்டிக் கல்லூரி அதை அவர்கள் காதில் போடும். சரி, நீண்ட ஒப்பந்தம் கொடுங்கள். நீண்ட ஒப்பந்தத்தில் முழு உத்தரவாதம் இருக்க வேண்டும் என்று எந்தப் பையனின் தாயும் கேட்டதில்லையே.

ஃபிஷர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். கோபமெல்லாம் தாளை நீட்டியவர்கள் மேல்தான். 2017-இல் அவரை அழைத்து வந்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் 2019-இல் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2021 நீட்டிப்பின்போது இயக்குநராக இருந்த ராஸ் பியோர்க், ஃபிஷரை நீக்கிய சில மாதங்களில் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். இந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டுத் துறைகளில் ஒன்று அது. தவறின் பில் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரிலேயே தங்கிவிட்டது.

உட்வர்டின் கதை அங்கே முடியவில்லை. லூயிசியானா ஸ்டேட்டில் 2019 சீசனில் ஓர் ஆட்டமும் தோற்காமல் சாம்பியனான பயிற்சியாளர் எட் ஒர்ஜெரானுக்குப் பெரிய ஒப்பந்தம். 2021-இல் அவரை விலக்க 1 கோடியே 69 லட்சம். அடுத்து வந்த பிரையன் கெல்லிக்குப் பத்தாண்டு, 9 கோடியே 50 லட்சம். 2025 அக்டோபர் 25 இரவு, லூயிசியானா ஸ்டேட்டின் ஊரான பேட்டன் ரூஜில், எங்கள் ஏ அண்ட் எம் கெல்லியின் அணியை 49-25 என்று வென்றது. என் மகன் வீட்டுக் கூடத்தில் குதித்தான். மறுநாள் ஞாயிறு. மீண்டும் அதே செய்தி: கெல்லி நீக்கம், தொகை சுமார் 5 கோடியே 40 லட்சம். இந்த முறை லூயிசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே வெளியே வந்து, அடுத்த பயிற்சியாளரை உட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றார். அந்த வாரமே உட்வர்ட் விலகினார். ஒரு விளையாட்டில் ஆளுநர் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கடைசியில் ஒப்பந்தம் போட்டவரிடமே ஒருவர் கேள்வி கேட்டார் என்று அன்று ஒரு நிறைவு வந்தது. அது நீடிக்கவில்லை. உட்வர்டுக்கும் 60 லட்சம் டாலருக்கு மேல் விலக்குத் தொகை உண்டு என்று தெரிந்தது. நவம்பர் முடிவதற்குள் லேன் கிஃபினைப் புதிய பயிற்சியாளராக ஏழாண்டுக்கு, ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் சம்பளத்தில் அழைத்து வந்துவிட்டார்கள்.

இதே 2025-இல்தான் ஒரு வழக்கின் உடன்பாட்டால், கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க முதன்முறையாக அனுமதி வந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளின் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து ஓராண்டில் கொடுக்கலாம் என்று முதல் ஆண்டுக்கு வைத்த உச்ச வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவருக்கு 60 நாட்களில் போன முதல் காசோலை கிட்டத்தட்ட அதே அளவு. முழங்கால் சவ்வு கிழிந்து மைதானத்திலிருந்து தூக்கிச் செல்லப்படும் பத்தொன்பது வயதுப் பையன்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வரம்பு உண்டு. பயிற்சியாளருக்குக் கிடையாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஃபிராங்க்ளின் ஒப்பந்தத்தில் இருந்த அந்தக் கழிவுப் பிரிவு எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். அதோடு, நீட்டிப்புக்குப் பரிந்துரைத்த இயக்குநரின் சொந்த ஊதியத்தில் ஒரு பகுதி, அந்தப் பயிற்சியாளரை நீக்க வேண்டி வந்தால் நிறுத்தப்படட்டும். எனக்கு ஒரு கிரேனுக்காக அது நடந்தது.

என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறான். ஏ அண்ட் எம் வாத்தியக் குழுவில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அது நிறைவேறினால் 2031 இலையுதிர் காலத்தில் அவன் அங்கே மூன்றாம் ஆண்டு படிப்பான். அந்த ஆண்டுக் கணக்கிலும் ஃபிஷருக்கு 72 லட்சம் எழுதப்பட்டிருக்கும்.