விதியைப் பிடித்த வக்கீல்: தாடியஸ் ஸ்டீவன்ஸ் குறிப்புகள்

டிசம்பர் 4
1865இல் இதே நாள் புதிய அமெரிக்கக் காங்கிரஸ் கூடியது. சபாநாயகர் தேர்வாகும்வரை பிரதிநிதிகள் சபையை நடத்துபவர் பழைய சபையின் செயலர்; உறுப்பினர் பட்டியலை வாசிப்பவரும் அவரே. அன்றைய செயலர் எட்வர்ட் மக்பெர்சன், பென்சில்வேனியா உறுப்பினர் ஸ்டீவன்ஸ் கைதூக்கிவிட்ட ஆள். அடிமை முறைக்காகப் பிரிந்துபோய் உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் உறுப்பினர் பெயர்களை மக்பெர்சன் வாசிக்கவே இல்லை. டென்னசியின் ஹொரேஸ் மேனார்ட் எழுந்தார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பேச முடியாது. பேச முடியாதவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்வது எப்படி? இத்தனைக்கும் மேனார்ட் போரில் வடக்கின் பக்கம் நின்றவர். அவருக்குக் கதவைத் திறந்தால் மற்றவர்களும் பின்னாலேயே நுழைவார்கள்.

காரணம் எண்ணிக்கை. முன்பு ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணித் தெற்குக்குச் சபையில் இடம் ஒதுக்கினார்கள். அடிமை முறை ஒழிந்ததும் ஐவரும் ஐவர்தான், ஆனால் வாக்கு கிடையாது. அதாவது தோற்றவர்களுக்குக் கூடுதல் இடங்கள்! அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தின் 2ஆம் பிரிவு இதற்கான மருந்து: வாக்கு மறுத்தால் இடம் குறையும். மருந்தை யாரும் கடைசிவரை கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 4
ஸ்டீவன்ஸ் பிறந்தது 1792, வெர்மான்ட். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்தபடி படித்தவர்களை அவ்வூர் வக்கீல்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லை தாண்டி மேரிலாந்தில் 1816இல் தேறி வந்து, கெட்டிஸ்பர்க்கில் தொழில் நடத்தினார்.

அவரைப் புகழ்பவர்கள் 1821 வழக்கை மெல்லத் தாண்டிப்போவார்கள். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளியூர் அடிமை அங்கே ஆறு மாதம் தங்கவைக்கப்பட்டால் விடுதலை. மேரிலாந்தின் சாரிட்டி பட்லர் பல தடவை வந்துபோனவர். நாள்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறும் என்பது அவர் தரப்பு. கூட்டக் கூடாது, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று எஜமானர் தரப்பில் நின்று ஜெயித்தவர் ஸ்டீவன்ஸ். சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள். பட்டியல் வித்தையும் இதே மூளையில் பிறந்ததுதான்.

மே 16
1868: ஜனாதிபதி ஜான்சனைப் பதவிநீக்கும் வாக்கெடுப்பு. செனட்டில் 54 பேர், தேவை 36. ஸ்டீவன்ஸின் கைவண்ணமான 11ஆம் குற்றச்சாட்டையே முதலில் எடுத்தார்கள். பல குற்றச்சாட்டுகளை ஒன்றாகக் கட்டியது என்பதால் சுலபமாகத் தேறும் என்ற கணக்கு. கிடைத்தது 35.

ஆகஸ்ட் 11
1868இல் இன்று இறந்தார். லான்காஸ்டரில் கறுப்பர்களையும் அடக்கம் செய்த சிறு கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்திருந்தார். தனிமை பிடித்து இங்கே வரவில்லை, மற்ற இடங்களின் சாசன விதிகள் இனம் பார்க்கின்றன என்று கல்லிலும் எழுத வைத்திருக்கிறார்.